காட்சியிலிருந்து சொல்லுக்கு: மலேசிய, சிங்கப்பூர்க் கலையில் நவீனத்துவத்துக்குப் பின்

'பின்' என்னும் தமிழ்ச்சொல் காலத்தையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். 'மழைக்குப் பின்' என்கையில் காலம். 'வீட்டுக்குப் பின்' என்கையில் இடம். ஆகவே 'பின்நவீனத்துவம்' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கும் மாணவருக்கு இரு பொருள்கள் தோன்றுதல் இயல்பே. நவீனத்துவம் முடிந்தபின் வந்தது என்பது ஒன்று. நவீனத்துவத்தின் முதுகுப்புறம் சென்று, அதனைத் தாங்கி நிற்பது எது என்று பார்ப்பது என்பது மற்றொன்று. அகராதி முதற்பொருளையே தரும். ஆயினும் மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் கலை வரலாற்றைக் காணுங்கால் இரண்டாம் பொருளே கூடுதலாகப் பொருந்துகிறது என்பதை இவ்வுரையில் காட்ட முயல்வோம்.

இதனை ஒரு மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்நாடுகளில் ஓவியமும் சிற்பமும் தம் பழைய எல்லைகளைக் கடந்தபோது, முதலில் உள்ளே நுழைந்தது மொழி. படத்தின் ஓரத்தில் தலைப்பாக நின்ற சொல், படத்தின் நடுவே வந்து அமர்ந்தது. சில வேளைகளில் படமே இல்லாமல் சொல் மட்டும் நின்றது. இன்னொரு காரணமும் உண்டு. 'இதெல்லாம் மேலைநாட்டாரைப் பார்த்துச் செய்த போலி' என்ற தீர்ப்பு நம்மிடையே எளிதில் வழங்கப்படுகிறது. அத்தீர்ப்பு சரியாயின் இக்கலையை நம் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. தவறாயின், நம் நாட்டின் வரலாற்றில் ஒரு பகுதியை அவர்களிடமிருந்து நாமே மறைத்தவர்கள் ஆவோம்.

1. நவீனத்துவம் இங்கே பெற்ற வடிவம்

மேலைநாட்டு நவீனத்துவம் ஓவியத்தை ஓவியமாகவே காண வேண்டும் என்றது. கோடு, நிறம், தளம், வடிவம் ஆகியவையே அதன் இலக்கணம். கதை சொல்லுதல் இலக்கியத்தின் வேலை. உருவத்தை அப்படியே பதிதல் புகைப்படக் கருவியின் வேலை. ஒவ்வொரு கலையும் தனக்கே உரியதைத் தேட வேண்டும் என்பது அதன் உட்கிடை.

இக்கொள்கை நம் பகுதிக்கு வந்தபோது அப்படியே இறங்கவில்லை. 1938இல் லிம் ஹக் தாய் சிங்கப்பூரில் நன்யாங் நுண்கலைக் கழகத்தை நிறுவினார். 1952இல் லியூ காங், சென் சொங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் பாலித்தீவுக்குச் சென்று வரைந்தனர்; அடுத்த ஆண்டில் அப்படங்கள் சிங்கப்பூரில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. சீன மைத் தூரிகை மரபு, பாரிஸ் நகரப் பயிற்சி, தென்கிழக்காசிய வாழ்க்கைக் காட்சி ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடின. மலாயாவில் சையது அகமது ஜமால் உணர்ச்சி வேகம் கொண்ட அருவ ஓவியத்துக்கு வழிவகுத்தார். லத்தீப் மொகிடின் 1960களில் வரைந்த 'பாகோ பாகோ' வரிசையில் கோபுரமும் செடிகொடியும் ஒன்றாகி எழுந்தன. 1958இல் கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் அமைந்தது. 1964இல் சிங்கப்பூரில் நவீன ஓவியச் சங்கம் உருவாயிற்று.

இவ்வோவியர்களின் அடிப்படை நம்பிக்கை ஒன்றே: ஓவியர் தனித்த பார்வை உடையவர், அப்பார்வை திரையில் பதிகிறது, காண்பவர் உள்ளத்தில் அது எதிரொலிக்கிறது. அடுத்த தலைமுறை இம்மூன்றையுமே கேள்விக்கு உள்ளாக்கியது.

2. ஐந்தடிச் சதுரம்

சிங்கப்பூர் ஆறு அந்நாளில் ஓவியர்களின் விருப்பப்பொருள். படகுகள், கடைவீடுகள், நீரில் ஆடும் நிழல்கள் எனப் பலரும் பலவாறு வரைந்தனர். 1972இல், பிரிட்டனில் பயின்றுகொண்டிருந்த சியோ சாய் ஹியாங், நவீன ஓவியச் சங்கத்தின் கண்காட்சிக்கு ஒரு படைப்பை அனுப்பினார். வந்து சேர்ந்தது ஓவியமன்று, ஓர் அறிவுறுத்தல். ஐந்தடிக்கு ஐந்தடியுள்ள ஒரு சதுரத்தை, ஒரு பகுதி சுவரிலும் மறுபகுதி தரையிலுமாக வரைக என்பது அதன் சாரம். படைப்பின் பெயர் '5' x 5' (சிங்கப்பூர் ஆறு)'. படகும் இல்லை, நீரும் இல்லை.

சங்கம் அதனை ஏற்கவில்லை. சங்கத்தின் முன்னணியாளரான ஹோ ஹோ இங் அவருக்கு விரிவாக மறுமொழி எழுதினார். புதுமை மட்டும் போதாது, காண்பவர் நெஞ்சைத் தொடும் பண்பும் கலைக்கு வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இம்மறுமொழியைப் பழமைவாதம் என்று ஒதுக்குதல் தகாது. அருவ ஓவியத்துக்காகப் பொதுமக்களோடும் செய்தித்தாள்களோடும் வாதாடியவர்கள்தாம் இச்சங்கத்தினர். புதுமைக்காகப் போராடியவர்களே ஒரு புதுமையின் முன் நின்று, 'எல்லை இதுதான்' என்றார்கள். இரு காலங்களும் நேருக்கு நேர் சந்தித்த இடமாக அக்கடிதத்தை நாம் கொள்ளலாம்.

சியோ கேட்ட வினா எளியது. ஆற்றை நூறுமுறை வரைந்தபின், நாம் ஆற்றைக் காண்கிறோமா, அல்லது 'ஆற்றோவியம்' என்னும் பழக்கத்தைக் காண்கிறோமா? சதுரத்தினுள்ளே ஒன்றும் இல்லாததால் காண்பவர் தலைப்பையே மீண்டும் மீண்டும் வாசிக்கிறார். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள வெற்றிடமே அங்கே காட்சிப்பொருள். ஒருகாலத்தில் மறுக்கப்பட்ட அச்சதுரம் இன்று சிங்கப்பூர்க் கலை வரலாற்றின் முதன்மைப் படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

மொழியியல் பயில்வோர்க்கு இது புதிதன்று. ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானதன்று, வழக்கினால் அமைந்தது என்று சசூர் கூறிய பாடங்கள் 1916இல் நூலாயின. அதற்கு அடுத்த ஆண்டு, மார்செல் டுஷாம்ப் நியூயார்க்கில் ஒரு சிறுநீர்க்கலத்துக்கு 'நீரூற்று' என்று பெயரிட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். ஒருவரை மற்றவர் அறிந்து செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் பொருளைத் தருவது பெயரும் இடமும் வழக்கும் என்ற தெளிவு இரண்டிலும் உண்டு. 1965இல் ஜோசப் கோசூத் ஒரு நாற்காலியையும், அதன் புகைப்படத்தையும், அச்சொல்லின் அகராதிப் பொருளையும் அருகருகே வைத்தபோது, கலைக்கூடம் ஏறத்தாழ மொழியியல் வகுப்பறையாயிற்று.

3. கோலாலம்பூர், 1974

மலேசியாவில் இத்திருப்பத்துக்குப் பின்புலம் வேறு. 1969 மே 13 கலவரம் நாட்டின் தன்னம்பிக்கையை உலுக்கியது. ரெட்சா பியதாசா 1970இல் சவப்பெட்டி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் தேசியக் கொடியைத் தீட்டி, அடியில் கண்ணாடி பதித்து, அந்நாளையே பெயராகச் சூட்டினார். குனிந்து பார்ப்பவர் தம் முகத்தையும் அங்கே காண நேரும். பின்னாளில் அவரே அழித்துவிட்ட அப்படைப்பு 2006இல் மீண்டும் உருவாக்கப்பட்டது. வண்ணங்களின் இசைவை மட்டும் பேசும் அருவ ஓவியம், அந்நாளைப்பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்ற கேள்வி அதில் உறைந்திருந்தது.

1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இவ்வட்டாரத்து மண்ணின் மைந்தர் பண்பாடே தேசியப் பண்பாட்டுக்கு அடிப்படை. பொருத்தமான பிற கூறுகளை ஏற்கலாம். இஸ்லாம் முக்கியக் கூறு என மூன்று கொள்கைகள் வகுக்கப்பட்டன. கலைஞர் ஒவ்வொருவரும் தாம் எங்கே நிற்கிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய சூழல் அது.

அச்சூழலில், 1974இல், பியதாசாவும் சுலைமான் ஈசாவும் 'மறைஞான மெய்ம்மையை நோக்கி' என்று நாம் தமிழாக்கத்தக்க ஒரு கண்காட்சியை நடத்தினர். நடந்த இடம் டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் எழுத்தாளர் மூலை. நாட்டு மொழியை வளர்க்க எழுந்த நிறுவனத்தின் கூரையின்கீழ் இது நிகழ்ந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ளுதல் நன்று. அங்கே வைக்கப்பட்டவை: பலர் அமர்ந்தெழுந்த ஒரு வெற்று நாற்காலி, பாதி குடித்து வைத்த இரு கொக்கோகோலாப் புட்டிகள், ஓரிரவு கொசுவை விரட்டி எரிந்து முடிந்த கொசுவத்திச் சுருள்கள், பெட்டாலிங் ஜெயா முடிதிருத்தகம் ஒன்றிலிருந்து திரட்டிய முடி, 1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46க்குப் பறவை விடுவிக்கப்பட்ட ஒரு கூண்டு.

இப்பட்டியலில் வினையெச்சங்களையும் பெயரெச்சங்களையும் கவனியுங்கள். 'அமர்ந்தெழுந்த', 'குடித்து வைத்த', 'எரிந்து முடிந்த'. பொருளன்று, அப்பொருள்மேல் நடந்தேறிய காலமே படைப்பு. கூண்டைக் கண் காண்கிறது. பறவையைச் சொல் மட்டுமே தருகிறது. மேலைநாட்டுக் கலை இடத்தையும் வடிவத்தையும் அளக்கிறது, ஆசிய மெய்யியல் நிகழ்வையும் மனத்தையும் அறிகிறது என்று அவ்விருவரும் தம் அறிக்கையில் வாதிட்டனர். தாவோ, சென் மரபுகளைச் சான்று காட்டினர். வாதத்தின் இரு துருவங்களும் மிகக் கூர்மையாகப் பிரிக்கப்பட்டுள்ளன என்று நமக்குப் படுகிறது. எனினும் அவர்கள் கையாண்ட கருவி லண்டனில் கற்றது. எதிர்த்தது மேலைநாட்டு நவீனத்துவத்தின் ஆதிக்கம். நோக்கியது ஆசிய மரபு. வெறும் போலி என்னும் தீர்ப்பு இச்சிக்கலுக்கு ஈடுகொடுக்காது.

எதிர்வினையும் அதே அளவு கடுமையாக வந்தது. கவிஞர் சாலே பென் ஜோனட் கண்காட்சி அறிக்கையின்மீதே சிறுநீர் கழித்தார். பின்னர்த் 'தேவான் சாஸ்திரா' இதழில் தம் செயலை விளக்கி எழுதினார். சென் மரபைப் பேசுபவர்கள் அதன் நகையுணர்வை விட்டுவிட்டார்கள் என்ற குறை அதில் உண்டு. இச்செயலைப் புகழவோ பழிக்கவோ நாம் இங்கு முற்படவில்லை. கலை வரலாற்றுக்கு இது சொல்வது ஒன்று: நவீனத்துவக் கண்காட்சியில் மௌனமாகக் காண்பவராக இருந்தவர், இங்கே மறுமொழி கூறுபவராகிவிட்டார்.

4. நிலமும் உடலும்

சிங்கப்பூரின் அடுத்த கட்டம் மண்ணிலிருந்து எழுந்தது. பிரிட்டனில் பயின்று திரும்பிய தாங் டா வூ, 1979இல் அங் மோ கியோவில் வெட்டப்பட்டுக் கிடந்த நிலத்தின் ஓடைகளில் துணிகளைத் தொங்கவிட்டார். மழையும் சேறும் அவற்றில் தம் கறையைப் பதித்தன. அத்துணிகள் 1980இல் தேசிய அரும்பொருளகக் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டன. கம்பங்கள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்த காலம் அது. மண் எங்கே போகிறது என்பதை அத்துணிகள் பதிவு செய்தன. வரைந்தவர் ஓவியரா, மழையா என்று மாணவரைக் கேட்டால் வகுப்பில் நல்லதொரு விவாதம் எழும்.

1988இல் அவரை மையமாகக் கொண்டு லோரோங் காம்பாஸ் பகுதியில் ஒரு பழைய கோழிப்பண்ணையில் 'கலைஞர் கிராமம்' உருவாயிற்று. 1990இல் நிலம் மேம்பாட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்டதால் அவ்விடத்தை அவர்கள் இழந்தனர். குழு இடமின்றியும் தொடர்ந்தது.

அதே 1988இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகிய மூவரும் சிங்கப்பூர் கோத்தே நிலையத்தில் 'திரிமூர்த்தி' என்னும் கண்காட்சியை நடத்தினர். மூவரும் நன்யாங் கழகத்தில் பயின்றவர்கள், மூன்று இனத்தவர். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் கருத்தை ஏற்று, பொருள், குறியீடு, உடலசைவு ஆகியவற்றால் ஒரு கூட்டு வெளியை அமைத்தனர். நவீனத்துவம் சமயக் குறியீட்டைப் பெரும்பாலும் கலைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. இம்மூவர் அதனைச் சடங்காகவும் வினாவாகவும் உள்ளே கொணர்ந்தனர். 1998இல் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் பத்தாண்டு கழித்து அதனைத் திரும்பிப் பார்த்தது. பியதாசாவோடு இணைந்து 1983இல் மலேசிய நவீன ஓவியர்களைப் பற்றிய நூலை எழுதிய கலை வரலாற்றாய்வாளர் டி. கே. சபாபதி, இம்முயற்சியின் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர். தமிழ்ப் பெயர் தாங்கிய இருவர், ஒருவர் படைப்பாளராகவும் மற்றவர் ஆய்வாளராகவும், இவ்வரலாற்றின் நடுவில் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு என்பதே நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி.

உடல் கருவியானபோது சட்டமும் அருகே வந்தது. 1993–94 புத்தாண்டை ஒட்டி ஒரு வணிக வளாகத்தில் ஜோசப் இங் நிகழ்த்திய எதிர்ப்புப் படைப்பு ஒன்றுக்காக நீதிமன்றம் அபராதம் விதித்தது. நிகழ்வுக் கலைக்குத் தேசியக் கலைகள் மன்றம் வழங்கிய நிதியுதவி நிறுத்தப்பட்டது. அத்தடை 2003 வரை நீடித்தது. 1995இல் தாங் டா வூ, கலைகளுக்குப் பணம் தராதீர் என்னும் பொருள்படும் சொற்கள் முதுகில் பதிக்கப்பட்ட கறுப்புச் சட்டையை அணிந்து, ஒரு கலைக் கண்காட்சியில் குடியரசுத் தலைவரின் முன் நின்றார். சுவரில் தொங்கிய சொல் இப்போது மனித முதுகில் ஏறி நடந்தது.

5. பழைய படத்தை மீண்டும் வாசித்தல்

பின்நவீனத்துவத்தின் ஆழ்ந்த பணி வரலாற்றை மறுவாசிப்புச் செய்வதில் உள்ளது. 1978இல் பியதாசா 'நுழைவாயில்கள்' எனத்தக்க ஒரு படைப்பைச் செய்தார். நன்யாங் வழி ஓவியர் சீயா யூ சியன் 1958இல் வரைந்த ஒரு காட்சியை அப்படியே தம் படைப்பினுள் பதித்து, அதன்கீழ் அச்செழுத்துகளில் ஒரு வாசகத்தை எழுதினார். கலைப்படைப்பு காலவோட்டத்தில் வாழ்வதில்லை, அதனுள் நுழைய வாயில்களே உள்ளன என்பது அதன் கருத்து. இங்கே பழைய ஓவியம் பழிக்கப்படவில்லை, மேற்கோளாகிறது. நம் உரையாசிரியர் மூலப்பாடலை முழுதும் தந்து அதன்கீழ் உரை வரைவதை நினைவூட்டும் செயல் இது. தொடக்கத்தில் நாம் சொன்ன 'பின்' என்பதன் இடப்பொருள் இங்கே விளங்குகிறது: பழைய படம் முன்னே நிற்கிறது, அதன் பின்னே நின்று ஒருவர் பேசுகிறார்.

பினாங்கில் பிறந்த வோங் ஹோய் சியோங் 1994–96இல் குடியேறிகளையும் ரப்பர் மரங்களையும் பற்றிய படைப்பு வரிசையை உருவாக்கினார். பதினான்கு வயதில் மணமுடித்துப் பதினான்கு பிள்ளைகளைப் பெற்ற ஒரு பெண், ஆசிரியையை மணக்கும் பால்மரத் தொழிலாளி எனக் குடும்பக் கதைகள் கரித்துண்டால் பெரிய தாள்களில் வரையப்பட்டன. ஓவியம் கதை சொல்லக்கூடாது என்ற நவீனத்துவ விதி இங்கே வெளிப்படையாக மீறப்படுகிறது. சொல்லப்படாத கதைகள் மிகுந்த நாட்டில் அம்மீறலுக்குத் தேவை இருந்தது. ரப்பர்த் தோட்டத்தின் வரலாறு நம் முன்னோர் வரலாறும் ஆதலால், இப்படங்கள் தமிழ் மாணவரிடம் தனியாகவே பேசும்.

சிங்கப்பூரில் பிறந்து மலேசியாவில் வளர்ந்த சிம்ரின் கில், 'காடு' என்னும் வரிசையில் நூல்களின் தாள்களைக் கிழித்து இலையாகவும் வேராகவும் செடிகளிடையே பொருத்திப் புகைப்படமாக்கினார். வெயிலிலும் மழையிலும் அச்செழுத்து மக்கிப்போவது உறுதி. 2001இல் தீபகற்ப மலேசியாவின் வீட்டுக்கூடங்களைப் படமெடுத்து 'டாலாம்' என்று பெயரிட்டார். மலாயில் அது 'உள்ளே' என்றும் 'ஆழம்' என்றும் பொருள்படும். ஆள் இல்லாத அக்கூடங்களில் நாட்காட்டியும் தெய்வப்படமும் நாற்காலியும் குடும்பத்தைச் சொல்கின்றன. அமான்டா ஹெங் 1996இல் முளைப்பயறு ஆய்ந்தபடியே வந்தவர்களோடு உரையாடுவதையே படைப்பாக்கினார். அடுக்களைப் பேச்சு கலைக்கூடத்துக்குள் வந்தது. ஹோ ஸு நியென், சிங்கப்பூரின் தோற்றக்கதை நாயகனான சங் நீல உத்தமனைப் பற்றி 2003இல் ஒரு படைப்பைச் செய்தார்; பின்னர்த் தென்கிழக்காசியாவுக்கு ஓர் அகரநிரல் அகராதியையே காணொளியாக அமைத்தார். அகராதியும் கலையாகிவிட்ட இக்காலத்தையே 'சமகாலக் கலை' என்கிறோம்.

6. தமிழில் பேசுவதற்கு

இவ்வளவையும் வகுப்பறையில் தமிழில் பேச இயலுமா? இயலும், ஆனால் சொற்களில் கவனம் வேண்டும். 'கருத்தியல் கலை' என்ற வழக்கு குழப்பம் தரும். 'கருத்தியல்' அரசியல் கொள்கைத் தொகுதியைக் குறிப்பதாக நிலைபெற்றுவிட்டது. 'கருத்துருக் கலை' என்பது தெளிவு. 'நிகழ்த்துகலை' என்றால் கூத்தும் நடனமும் நினைவுக்கு வரும். தாங் டா வூ போன்றோர் செய்ததை 'நிகழ்வுக் கலை' எனப் பிரிப்பது நலம். பொருள்களை ஓரிடத்தில் அமைத்துக் காட்டுவதை 'நிறுவல் கலை' என்கிறோம். இலங்கையில் 'தாபனக் கலை' என்பாரும் உளர். 'நவீன ஓவியம்' என்பதைப் புரியாத படம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக்கும் பேச்சு வழக்கை மட்டும் ஆசிரியர் விலக்க வேண்டும். 1952இன் பாலி ஓவியமும் 1974இன் வெற்றுக்கூண்டும் ஒரே பெயருக்குள் அடங்கா.

மாணவரைக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், 'அழகாக இருக்கிறதா?' என்ற வினாவோடு நிறுத்த வேண்டியதில்லை. இப்பொருள் இங்கு வருமுன் எங்கே இருந்தது? தலைப்பை நீக்கினால் எஞ்சுவது என்ன? யாருக்கு இது மறுமொழி கூறுகிறது? இம்மூன்று வினாக்களும் சொல், பொருள், சூழல் என்னும் மொழிப்பாடத்தின் அடிப்படைகளே. செய்யுளைப் பிரித்துப் பொருள் காணப் பழகிய மாணவருக்கு இவை அயலானவை அல்ல.

நவீனத்துவம் தோற்றது, பின்நவீனத்துவம் வென்றது என்று இவ்வரலாற்றை முடித்தல் பிழையாகும். 2015இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் நன்யாங் ஓவியங்களும் அவற்றை வினவிய படைப்புகளும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. ஓவியர் கேட்ட வினாக்கள் இந்நாடுகளின் கலவரத்திலும், மாநாட்டிலும், வெட்டப்பட்ட மண்ணிலும், தோட்டத்து வாழ்விலும் முளைத்தவை. அவ்வினாக்களில் நமக்கும் பங்குண்டு. அவற்றைத் தமிழில் கேட்கவும் தமிழில் விடை தேடவும் வருந்தலைமுறையைப் பழக்குவது ஆசிரியர்களாகிய நம் கடமை.